கறுப்பு மணலும் ஆய்வுகூடப் போத்தலும்: புல்மோட்டையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. அங்கே கரையோரம் ஏழு கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்திருக்கும் கறுப்பு மணல், உலகில் செறிவு மிகுந்த கனிய மணற்படிவுகளுள் ஒன்று. 1957இல் அதற்கென்று அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. மணலை அள்ளுகிறோம், கழுவுகிறோம், காந்தத்தால் பிரிக்கிறோம், கப்பலில் ஏற்றுகிறோம். அதற்கு அடுத்த வேலை வேறு நாட்டில் நடக்கிறது.

பெறுமதி சேர்த்து விற்க வேண்டும் என்ற பேச்சு இங்கே பழையது. தேர்தல் மேடையிலும் கேட்கலாம், தேநீர்க் கடையிலும் கேட்கலாம். அண்மைக் காலத்தில் அந்தப் பேச்சில் சில புதிய சொற்களும் ஏறியிருக்கின்றன: பெரொவ்ஸ்கைட் என்ற பளிங்கமைப்புள்ள பொருளால் ஆன சூரியக்கலம், நனோத் துணிக்கை, உலோக-சேதனச் சட்டகம். 2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபெல் பரிசு இவற்றுள் மூன்றாவதற்குக் கிடைத்தபின் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. ஆகவே கேள்வியைக் கறாராகவே கேட்டுப் பார்க்கலாம். பொருள் இரசாயனவியலின் அண்மைக்கால முன்னேற்றங்களில் எவை உண்மையிலேயே புல்மோட்டை மணலைத் தொடுகின்றன?

இதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது. ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையை விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதியின் முதல் வரியைப் படிப்பது. புதிய பொருளை எதிலிருந்து செய்யத் தொடங்கினார்கள் என்பது அங்கே இருக்கும். பெரும்பாலும் அது ஒரு போத்தல்: மிகத் தூய தைத்தேனியம் குளோரைட்டு, சிர்க்கோனியம் குளோரைட்டு, அல்லது தைத்தேனியத்தின் ஏதாவதொரு அற்ககோல் சேர்வை. கட்டுரைக்கு அது தொடக்கப் புள்ளி. புல்மோட்டைக்கு அந்தப் போத்தலே நெடுந்தூரம்.

மணலில் என்ன இருக்கிறது

முதற் பிரிப்பு வேலையைக் கடலே செய்துவிடுகிறது. சாதாரண வெண்மணலான குவார்ட்சின் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கறுப்பு மணலின் முக்கிய கனியமான இல்மனைட்டினது ஏறத்தாழ நான்கே முக்கால் மடங்கு. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் பாரம் குறைந்ததை இழுத்துக்கொண்டு போகின்றன, பாரமானதைக் கரையில் விட்டுவிடுகின்றன. அள்ளிய இடத்தில் அடுத்த பருவத்தில் ஓரளவு மீண்டும் படிவதும் இதனால்தான். ஓரளவு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். கரையை அள்ளிக்கொண்டே இருக்கலாம் என்று கடல் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

பாரமான கனியங்களில் பத்தில் ஏழு பங்களவு இல்மனைட். தைத்தேனியம் ஈரொட்சைட்டான ரூட்டைலும் சிர்க்கோனியக் கனியமான சிர்க்கோனும் தனித்தனியே பத்தில் ஒரு பங்கை நெருங்கும். மொனசைட் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். எஞ்சியவற்றுள் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. உயர் மின்னழுத்தத்தில் இரண்டும் பிரிந்துவிடும். இதுவரை நடப்பதெல்லாம் பௌதிகம். இரசாயனம் இன்னும் தொடங்கவில்லை.

இல்மனைட் என்பது ஓர் இரும்பணு, ஒரு தைத்தேனியம் அணு, மூன்று ஒட்சிசன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த பளிங்கு. கணக்குப்படி அதில் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பங்கு 52.7 விழுக்காடு, புல்மோட்டை இல்மனைட் ஏறத்தாழ அந்த அளவிலேயே நிற்கிறது. கேரளத்தின் சவறாக் கரையில் அது 60 விழுக்காட்டை நெருங்கும். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்து இரும்பு கரைந்து போன மணல் அது. சவறாவில் நிறமித் தொழிற்சாலையும் அதையடுத்துத் தைத்தேனிய உலோக ஆலையும் வந்ததை எடுத்துக்காட்டி, நம்மால் ஏன் முடியாது என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டையும் மனத்திற்கொள்வது நல்லது. கூடவே நம்மிடம் போரும் இருந்தது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டதன் பின் ஏற்றுமதி முடங்கிப் போனது.

மணலிலிருந்து போத்தலுக்கு

இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இல்மனைட்டை உடைக்கும் பழைய வழி சல்பேற்று முறை. நன்றாக அரைத்த மணலைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் வேகவைத்தால் இரும்பும் தைத்தேனியமும் இரண்டுமே கரைந்துவிடும். குளிர வைத்தால் இரும்பு பச்சை நிற அன்னபேதியாக (இரும்புச் சல்பேற்றாக) பளிங்காகும். எஞ்சிய கரைசலை நீருடன் கொதிக்கவைத்தால் தைத்தேனியம் வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். அதைச் சுட்டெடுத்தால் பெயின்டிலும் பிளாஸ்ரிக்கிலும் காகிதத்திலும் வெண்மை தரும் நிறமி கிடைக்கும். உலகில் தோண்டப்படும் தைத்தேனியக் கனியங்களில் மிகப் பெரும் பங்கு இன்றும் இந்த வெண்ணிறமிக்கே போகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் வெண்ணிறமிக்குச் சமன்பாட்டின்படி குறைந்தது இரண்டரைத் தொன் சல்பூரிக்கமிலம் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகச் செலவாகும். மறுபக்கம் வெளியே வரும் அன்னபேதி மூன்றரைத் தொன். ஆக, நாம் விரும்புவது ஒரு தொன், விரும்பாதது அதைப்போல் மூன்றரை மடங்கு. அதற்குமேல் நீர்த்துப்போன அமிலம் வேறு. பெறுமதி சேர்க்கும் ஆலை என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்கள் இந்த மூன்றரைத் தொன்னை எங்கே கொட்டப்போகிறோம் என்று சொல்வதில்லை. கொக்கிளாய்க் களப்பும் மீன்பிடிக் கரையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இரண்டாவது வழி குளோரைட்டு முறை. ரூட்டைலைக் கற்கரியுடன் சேர்த்து 900 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் குளோரீனைச் செலுத்தினால் தைத்தேனியம் குளோரைட்டு ஆவியாக எழும். அதைக் குளிர்வித்து வடித்துத் தூய்மைப்படுத்தி ஒட்சிசனில் எரித்தால் வெண்ணிறமி. குளோரீன் மீண்டும் கிடைக்கும். கழிவு குறைவு, தரம் அதிகம். ஆனால் இரும்பு நிறைந்த இல்மனைட்டை அப்படியே உள்ளே போட்டால் குளோரீனில் கணிசமான பகுதியை இரும்பே தின்றுவிடும். அதனால்தான் இந்த முறை ரூட்டைலைத் தேடுகிறது. நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இந்தக் குளோரைட்டு முறையை மனப்பாடமாக எழுதுகிறார்கள். திருகோணமலைப் பாடசாலையில் இருந்து அதை எழுதும் பிள்ளைக்கு, அந்த ரூட்டைல் தன் மாவட்டத்து மணலிலேயே கிடைக்கிறது என்று எத்தனை வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்களோ.

இல்மனைட்டைச் செயற்கை ரூட்டைலாக மாற்றும் இடைவழி ஒன்றும் இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1960களில் வளர்ந்த பெச்சர் முறையில், நிலக்கரியுடன் உலையில் சுட்டு இரும்பை உலோகமாக்கிவிடுவார்கள். பிறகு அமோனியம் குளோரைட்டுக் கரைசலில் காற்றை ஊதி அந்த இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து கழுவி எடுப்பார்கள். எல்லோரும் அஞ்சும் துருவை வேலைக்கு அமர்த்திய கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் நிலக்கரி வேண்டும், 1,100 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும்.

இந்த நடுப்பாதையில் அண்மைய ஆய்வு என்ன சேர்த்திருக்கிறது? இரண்டைச் சொல்லலாம். முதலாவது பொறிமுறை இரசாயனம். மணலை உருக்குக் குண்டுகளோடு ஆலையில் இட்டு நெடுநேரம் மோதவிட்டால் துகள் சிறுப்பது மட்டுமல்ல, பளிங்கின் ஒழுங்கே குலைகிறது. பிறகு நீர்த்த அமிலமும் குறைந்த வெப்பமும்கூட அதைக் கரைக்கப் போதுமாகின்றன. தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியம் 2019இல் எதிர்காலத்தின் பத்துத் தொழில்நுட்பங்களை வரிசைப்படுத்தியபோது பொறிமுறை இரசாயனத்துக்கும் இடம் கொடுத்தது. குறை, மின்சாரச் செலவு. இரண்டாவது, ஐதரோகுளோரிக்கமிலச் சுற்று. இல்மனைட்டிலிருந்து இரும்பை இந்த அமிலத்தில் கரைத்து, கிடைக்கும் இரும்புக் குளோரைட்டுக் கரைசலைச் சூடான உலையில் தெளித்தால் இரும்பொட்சைட்டுத் தூளும் ஐதரசன் குளோரைட்டு வாயுவும் பிரியும். வாயுவை நீரில் பிடித்தால் மீண்டும் அமிலம். மூன்றரைத் தொன் அன்னபேதிக்குப் பதிலாக, விற்கத் தக்க சிவப்புத் தூள். இலங்கையிலும் இந்தத் திசையில் ஆய்வு நடந்திருக்கிறது. ஹோமாகமையில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் இல்மனைட்டிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பதை ஆராய்ந்த இடங்களுள் ஒன்று.

2000இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட உருகிய உப்பு மின்பகுப்பு முறையையும் சொல்லாமல் விட முடியாது. உருகிய கல்சியம் குளோரைட்டில் தைத்தேனியம் ஈரொட்சைட்டை எதிர்மின்வாயாக வைத்து மின்னைச் செலுத்தினால், ஒட்சிசன் மட்டும் கழன்று போய்த் திண்ம உலோகம் எஞ்சுகிறது. அப்போது எழுந்த ஆரவாரம் பெரிது, தொழிற்சாலைக்கு வந்த வேகம் சிறிது. இல்மனைட்டையே அதில் வைத்தால் இரும்பும் தைத்தேனியமும் கலந்த உலோகம் கிடைக்கும். விமானம் செய்வோருக்கு அது உதவாது; உருக்கு உற்பத்தியில் அத்தகைய கலப்புலோகத்துக்கு இடம் உண்டு. நமக்குப் பொருத்தமானது இந்தப் பகட்டில்லாத வடிவமே என்பது என் கருத்து.

சதுர மீற்றருக்கு ஒரு கிராம்

போத்தலுக்கு அப்பால் நடப்பவை வியக்கத்தக்கவை. 1972இல் யப்பானின் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஒளி பட்டால் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியக்கூடும் என்று காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே விழுங்கும். சூரிய ஒளியில் அதன் பங்கு ஐந்து விழுக்காட்டுக்குள்தான். அரை நூற்றாண்டாக நடக்கும் முயற்சிகளின் உச்சமாக, 2021இல் தோக்கியோ ஆய்வுக் குழு துரந்தியம் தைத்தேனேற்று பூசிய 100 சதுர மீற்றர் பலகைகளை வெட்டவெளியில் வைத்து ஐதரசன் எடுத்துக் காட்டியது. சூரிய ஆற்றலில் ஐதரசனாக மாறியது அதிகபட்சம் 0.76 விழுக்காடு. அறிவியலுக்குப் பெரிய வெற்றி. மின்கட்டணம் கட்டுபவருக்கு இன்னும் இல்லை.

பெரொவ்ஸ்கைட் சூரியக்கலங்களின் கதை இதைவிட வேகமானது. 2009இல் 3.8 விழுக்காட்டில் தொடங்கியது. சிலிக்கனின் மேல் அடுக்கிய இணைக்கலமாக 2024இல் 34.6 விழுக்காட்டை எட்டியது. இவற்றில் பலவற்றில் இலத்திரன்களைக் கடத்தும் மெல்லிய அடுக்காகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு பயன்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் புல்மோட்டை நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இதே மாவட்டத்துச் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான தொடக்க விழா 2025 ஏப்ரலில் நடந்தது. அந்த நிலையம் முழுவதும் பெரொவ்ஸ்கைட்டால் ஆகப்போகிறது என்று கற்பனை செய்வோம். இருபது விழுக்காட்டுத் திறன் என்றால் ஏறத்தாழ ஆறு இலட்சம் சதுர மீற்றர் பலகை வேண்டும். தைத்தேனிய அடுக்கின் தடிப்பு மில்லிமீற்றரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 600 கிலோகிராம். அதற்கு வேண்டிய இல்மனைட் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். வீணாவதையும் கூட்டினாலும் ஒரு டிப்பர் லொறியில் அடங்கிவிடும்.

சம்பூர் முழுமைக்கும் ஒரு லொறி மணல்! இந்த ஒரு கணக்கே என் ஐயத்தைத் தீர்த்தது. புதிய பொருள்கள் நமது மணலின் அளவைக் கேட்கவில்லை, அதன் தூய்மையைக் கேட்கின்றன. அந்தத் தூய்மையை ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தொன்னில் குளோரைட்டு வடிப்பவர்கள் மலிவாகக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று: பூசிய கண்ணாடியை வெளிச்சத்தில் தானாகத் துப்புரவாக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் அதே ஒளியூக்கப் பண்பு, சூரியக்கலத்துக்குள் இருந்துகொண்டு பக்கத்து அடுக்கை அரித்துவிடுகிறது. அதனால் பல ஆய்வுகூடங்கள் வெள்ளீய ஒட்சைட்டுக்கு மாறிவிட்டன. ஆக, அந்த ஒரு லொறியும் உறுதியில்லை. கச்சான் காற்றின் வெக்கையையும் மாரியின் உப்பு ஈரத்தையும் பெரொவ்ஸ்கைட் தாங்குமா என்பது தனிக் கேள்வி. பலகைகளை 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காட்டு ஈரப்பதனிலும் ஆயிரம் மணிநேரம் வைக்கும் சோதனை இருக்கிறது; நிலாவெளிக் கரையில் ஒரு கூரைக்கு இருபது ஆண்டு என்பது அதற்கு ஈடா என்பதைக் காலம்தான் காட்டும்.

எறிந்துவிடும் இரும்பு

அப்படியானால் அளவு எங்கே கேட்கப்படுகிறது? நாம் கழிவென்று சொன்ன பக்கத்தில்.

லிதியம் இரும்புப் பொசுபேற்றை மின்கல நேர்வாயாகப் பயன்படுத்தலாம் என்று 1997இல் ஜோன் குடினஃபின் ஆய்வுக்குழு காட்டியது. கோபாற்றும் நிக்கலும் வேண்டாம், தீப்பற்றும் அபாயம் குறைவு, விலையும் மலிவு. இன்று மின்சார வாகனங்களிலும், சூரிய மின்னைச் சேமிக்கும் பெரிய பற்றரிகளிலும் அது முன்னணியில் நிற்கிறது. இதற்கு வேண்டிய இரும்பை எங்கிருந்து எடுப்பது? சீனத்தின் வெண்ணிறமி ஆலைகள் 2021 அளவில் ஒரு விடையோடு வந்தன: தங்கள் முற்றத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் அன்னபேதி. அதைத் தூய்மைப்படுத்தி, பொசுபோரிக்கமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்தால் இரும்புப் பொசுபேற்று வீழ்படிவாகும். லிதியத்தோடு சுட்டால் நேர்வாய்ப் பொருள்.

அளவைப் பாருங்கள். ஒரு தொன் தூய இல்மனைட்டில் ஏறத்தாழ 370 கிலோகிராம் இரும்பு இருக்கிறது. அது முழுவதும் கைக்கு வந்தால் ஒரு தொன் லிதியம் இரும்புப் பொசுபேற்றுக்குப் போதும். ஒரு லொறி மணல் சூரியக்கலமாகச் சம்பூரை மூடும் என்றால், அதே லொறியின் இரும்பு ஒரு லொறி பற்றரிப் பொருளாக வெளியே வரும். தைத்தேனியம் கிராமில் போகிறது, இரும்பு தொன்னில் போகிறது.

பொசுபேற்றுக்கு அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலப் படிவு இருக்கிறது. 1971இல் கண்டறியப்பட்டு இன்று உரமாகவே போகிறது. மறுமுனையான எதிர்வாய்க்குப் பென்சிற்கரியான காரீயமும் நாட்டில் உண்டு. லிதியம் இல்லை. அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும் பற்றரிகளும் வேகமாக வளர்கின்றன. இரும்பும் சோடியமும் கொண்ட நேர்வாய்களை 2021இலேயே பெரிய பற்றரி நிறுவனமொன்று அறிவித்தது. நிலாவெளி உப்பளத்தைக் காட்டி யாராவது இப்போதே திட்ட அறிக்கை எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். எல்லாம் தீவுக்குள் இருக்கிறது என்பது ஒன்று. எல்லாம் பற்றரிக்கு வேண்டிய தூய்மையில் இருக்கிறது என்பது வேறு. இல்மனைட்டோடு கரையும் மங்கனீசும் மகனீசியமும் குரோமியமும் மிகச் சிறிய அளவில் எஞ்சினாலும் தொல்லைதான். புல்மோட்டை மணலின் இரும்பை அந்த அளவுக்குத் தூய்மையாக்க எவ்வளவு செலவாகும் என்பதுதான் இந்தப் பகுதியில் முதலில் அளந்து பார்க்க வேண்டியது. பெரிய ஆலை வேண்டியதில்லை. ஒரு நல்ல பகுப்பாய்வுக் கருவியும் பொறுமையான இரண்டு பட்டதாரிகளும் போதும்.

சிர்க்கோனும் நொபெல் பரிசும்

சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ரொப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025இல் பரிசைப் பெற்றுத் தந்தவை உலோக-சேதனச் சட்டகங்கள்: உலோக முடிச்சுகளைச் சேதன மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, உள்ளே வெறும் அறைகளாக இருக்கும் பளிங்குகள். தொடக்ககாலச் சட்டகங்கள் பல ஈரம் பட்டாலே குலைந்துவிடும். 2008இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் சிர்க்கோனியத்தை முடிச்சாக வைத்துக் கட்டியபின் நிலைமை மாறியது; சிர்க்கோனியத்துக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு உறுதி. 2017இல் மொஃப்-801 என்ற சிர்க்கோனியச் சட்டகம், 20 விழுக்காட்டு ஈரப்பதனே உள்ள வறண்ட காற்றிலிருந்து நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 2.8 லீற்றர் நீர் எடுக்க வல்லது என்று அறிவிக்கப்பட்டது.

திருகோணமலைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நமது மாவட்டத்தின் நீர்ச் சிக்கல் கிணற்றுக்குள் இருக்கிறது. பதவிசிறிபுரப் பக்கத்தில் சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. உலர்வலய நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்து செய்யும் கேடு, ஆய்வாளர்கள் ஐயுறும் காரணங்களுள் ஒன்று. சிர்க்கோனியத்துக்குப் புளோரைட்டின் மேல் தீராத நாட்டம். சிர்க்கோனியச் சட்டகங்கள் புளோரைட்டைப் பிடிக்கும் என்று கட்டுரைகள் வருவது இதனால்தான். ஆனால் அதே வேலையை நீரேறிய சிர்க்கோனியம் ஒட்சைட்டு என்ற எளிய வெண்கூழும் செய்யும். சிர்க்கோன் மணலை எரிசோடாவுடன் உருக்கி, கழுவி, அமிலத்தில் கரைத்து, காரம் சேர்த்தால் அது கிடைக்கும். பளிங்கு அறைகளும் வேண்டாம், விலை கூடிய கரைப்பான்களும் வேண்டாம். நொபெல் பரிசு யாரும் தரமாட்டார்கள். குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை எட்ட அது உதவக்கூடும்.

கணினி வழிக் கண்டுபிடிப்பு பற்றியும் ஒரு சொல். 2023 நவம்பரில் கூகிளின் டீப்மைன்ட், செயற்கை நுண்ணறிவால் 22 இலட்சம் புதிய பளிங்கு அமைப்புகளைக் கணித்ததாகவும் அவற்றுள் 380,000 நிலையானவை என்றும் அறிவித்தது. அதே வேளையில் கலிபோர்னியாவில் இயந்திரக் கைகளால் இயங்கும் ஓர் ஆய்வுகூடம் 17 நாளில் 41 புதிய சேர்மங்களைச் செய்ததாகச் சொன்னது. அவற்றுள் பல புதியவையே அல்ல என்று வேறு இரசாயனவியலாளர்கள் அடுத்த ஆண்டே மறுத்தார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் நமது கேள்விக்கு அதில் விடை இல்லை. அங்கேயும் எல்லாம் தூய தூள் போத்தலிலிருந்தே தொடங்குகின்றன.

எதை முதலில் செய்வது

என் மதிப்பீட்டில் வரிசை இது. முதலில் அமிலச் சுற்று, சிறிய அளவில். உலர்வலயத்தில் நன்னீர்ச் செலவையும் கூட்டிக் கணக்கிட்டு. அதோடு சேர்த்து இரும்பின் தூய்மைச் சோதனை. சிர்க்கோன் வடிகட்டியை ஒரு பல்கலைக்கழக மாணவர் செயற்றிட்டமாகவே தொடங்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் புல்மோட்டை வீதியில்தான் இருக்கிறது. பெரொவ்ஸ்கைட்டை வாசித்து மகிழலாம், மணலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

மொனசைட் மட்டும் மேசையின் ஓரத்தில் கிடக்கிறது. அதில் நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் இருக்கின்றன. காற்றாலைகளுக்கும் மின்சார மோட்டார்களுக்கும் உலகம் அவற்றைத் தேடி அலைகிறது. 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டிக்கொண்ட மணலில் மொனசைட்டைக் கண்டு ஷொம்பேர்க் என்ற ஜேர்மானியர் மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டது, அதிலிருந்த தோரியத்துக்காக. இன்று நிலைமை தலைகீழ்: அருமண் உலோகங்களுக்கு விலை உண்டு, தோரியம் வேண்டாத விருந்தாளி. அது கதிரியக்கம் உள்ளது. பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் எடுக்கும். புல்மோட்டையில் எந்த இரசாயன ஆலைக்கான திட்டம் வந்தாலும், தோரியம் கலந்த மிச்சம் எந்தக் காணியில், யாருடைய பொறுப்பில் இருக்கும் என்ற விவரம் அதன் முதற்பக்கத்தில் வர வேண்டும். அது இல்லாத அறிக்கையை இரண்டாம் பக்கம் புரட்ட வேண்டியதில்லை.